எனாமலுக்கு அடியில் ஆசாரியின் எண்கள்: கல்குளம் வட்டத்து மச்சு ஒன்றில் அகச்சிவப்பு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், தக்கலைக்கு அருகே உள்ள ஒரு பழைய வீட்டின் பலகை மச்சைப் (அறைக்கு மேலே பலகை பரப்பிய உட்கூரையை) பிரித்து, செப்பனிட்டு, மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. மொத்தம் 46 பலகைகள். பலாவும் ஆஞ்சிலியும் கலந்தவை. ஒவ்வொன்றும் நாக்கும் காடியுமாக (ஒன்றின் விளிம்பு நீட்டம் அடுத்ததன் பள்ளத்தில் புகும்படி) அடுத்ததோடு கோக்கப்பட்டது. பலகைகளுக்கு இடையே சில இடங்களில் 6 மி.மீ. வரை இடைவெளி விழுந்திருந்தது. மரம் சுருங்கியதால் வந்த இடைவெளி என்றால் மச்சு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இங்கோ ஒரு முனையில் இறுக்கமாகத் தொடங்கி மறுமுனையில் அகன்றது. அடிமரத்திலிருந்து நுனிக்குப் போகப்போகக் குறுகும் பலகைகளை, மாற்றி மாற்றி வைத்து அகலத்தைச் சரிக்கட்டுவது ஆசாரிகளின் வழக்கம். அந்த வரிசை கலைந்தால் இப்படித்தான் திறந்துகொள்ளும். எப்போதோ ஒருமுறை மச்சு பிரிக்கப்பட்டு, தவறான வரிசையில் மீண்டும் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

இப்போதைய வரிசையை எண்ணிட்டுப் பிரித்தால் பழைய தவறும் கூடவே வரும். முதல் வரிசை தெரிய வேண்டுமானால் கட்டிய ஆசாரி போட்ட குறிகள் வேண்டும். உத்திரத்தில் உட்காரும் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகையின் அடிமுகத்திலேயே திசையும் எண்ணும் எழுதியிருந்ததற்கு ஒரு தடயம் கிடைத்தது: பெயின்ட் உரிந்த ஓர் இடத்தில் பாதி எழுத்து. விளக்குக்கரியோ சிரட்டைக்கரியோ பிசினில் குழைத்த மையில் எழுதியது. மற்ற எல்லாம் எனாமலுக்கு அடியில்.

பெயின்டைச் சுரண்டிப் பார்த்துவிடலாம் என்பதே முதலில் வந்த யோசனை. அது கூடாது. மை மரத்துக்குள் ஊறியிருக்கவில்லை, பழைய எண்ணெய்ப் பூச்சின் மேல் படலமாக உட்கார்ந்திருக்கிறது. வெப்பத் துப்பாக்கி, காரம், மணல்தாள் எதைப் பயன்படுத்தினாலும் பெயின்டோடு மையும் போய்விடும். படம் எடுப்பது முதல் வேலை, உரிப்பது அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் திரும்பப் பெற வழியே கிடையாது.

பூச்சு எதனால் ஆனது

அகச்சிவப்பு ஒளி பெயின்டை ஊடுருவும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. எந்தப் பெயின்ட் என்பதைப் பொறுத்தது எல்லாம். கண்ணுக்கு ஒரு பூச்சு அடியில் உள்ளதை மறைப்பது இரண்டு வழிகளில்: நிறமித் துகள்கள் ஒளியை விழுங்கலாம், அல்லது நாலாபக்கமும் சிதறடிக்கலாம். வெளிர் நிற எனாமல்களில் மறைக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு. அதன் துகள் அளவு 0.2 முதல் 0.3 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதற்கென்றே அந்த அளவில் தயாரிக்கிறார்கள். அலைநீளம் கூடக்கூட அந்தத் துகள் ஒளிக்குச் சிறியதாகிவிடுகிறது, சிதறல் குறைகிறது. 900 நானோமீட்டரைத் தாண்டும்போது அதே பூச்சு கொஞ்சம் கசியத் தொடங்கும்.

கரியின் குணம் வேறு. புகைக்கரி, மரக்கரி, பென்சிலின் கிராஃபைட் எல்லாமே அகச்சிவப்பிலும் ஒளியை விழுங்கிக்கொண்டே இருக்கும். மரமோ அகச்சிவப்பில் நன்றாக ஒளிரும். கண்ணுக்குக் கரும்பழுப்பாகத் தெரியும் நூறாண்டு ஆஞ்சிலிகூட 850 நானோமீட்டரில் வெளிறிய சாம்பலாகத்தான் தெரிகிறது. வெளிர்த் தரையில் கரிய எழுத்து. இந்த முறைக்கு இதைவிட நல்ல சேர்க்கை கிடையாது.

ஆனால் அதே கரி பூச்சுக்குள் இருந்தால் கதை மாறும். சாம்பல், சாக்லேட் பழுப்பு, அடர்பச்சை எனாமல்களில் நிறத்தை இருட்டடிக்கக் கரியைச் சேர்த்திருப்பார்கள். அதில் ஒளி நுழைந்த மாத்திரத்தில் மாண்டுபோகும். அலுமினியப் பெயின்ட் ஒருபடி மேல்: அது செதிள் செதிளான உலோகம், கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். எந்த கேமராவும் அதைத் தாண்டாது. வானநீலம், வெளிர்பச்சை போன்றவற்றுக்கு நிறம் தரும் தாலோசயனின் நிறமிகள் அகச்சிவப்பில் ஏறக்குறைய நிறமற்றவை, தொல்லை தருவதில்லை. செம்மண் நிற ரெட் ஆக்சைடு பிரைமர் நடுவகை. இரும்பு ஆக்சைடுக்கு 860 நானோமீட்டரை ஒட்டி ஓர் உறிஞ்சுபட்டை உண்டு. அதனால் எளிதில் கிடைக்கும் 850 நானோமீட்டர் விளக்கு அங்கே சரியாக மாட்டிக்கொள்ளும். 940 அல்லது அதற்கு மேல் போனால் நிலைமை தேறும்.

இந்த மச்சில் என்ன இருக்கிறது என்று பார்க்க, கண்ணில் படாத நான்கு மூலைகளில் அறுவைக்கத்தியால் அரிசி முனையளவு சில்லு எடுத்தோம். சில்லை நிமிர்த்தி வைத்து யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பில் விளிம்பைப் பார்த்தால் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். திருகுமானியில் மொத்தத் தடிமனை அளக்கலாம். கூடத்தின் மேலிருந்த 31 பலகைகளில் மரம், அதன்மேல் கருத்த எண்ணெய்ப் பூச்சு, அதன்மேல் கிரீம் எனாமல் மூன்று கோட்டு (மூன்று முறை பூச்சு). பெயின்ட் மட்டும் ஏறத்தாழ 90 மைக்ரான். தூரிகையால் அடிக்கும் எனாமல் காய்ந்தபின் ஒரு கோட்டு 25 முதல் 30 மைக்ரான் நிற்கும் என்பதோடு இது பொருந்துகிறது. அடுக்களைப் பக்கத்து 15 பலகைகளில் கிரீமுக்கு மேல் சாம்பல் நிறம் ஒரு கோட்டு, கிரீமுக்கும் மரத்துக்கும் நடுவில் கரிய மெல்லிய கோடு. அது அடுப்புப்புகை படிந்த கரி. இதைப் பார்த்ததுமே அடுக்களைப் பக்கத்தில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று முடிவாகிவிட்டது. மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு அலுமினியப் பெயின்ட்.

சில்லு எடுக்கும்போதும் பின்னால் உரிக்கும்போதும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் இந்திய விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்த எனாமலையும் ஈயம் உள்ளதாகவே கருதி முகக்கவசம், ஈரத்துணி, கீழே பாலித்தீன் விரிப்பு ஆகியவற்றோடு வேலை செய்ய வேண்டும்.

எவ்வளவு தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது

பூச்சுகள் ஒளியைச் சிதறடிப்பதற்கு 1931-இல் குபெல்காவும் முங்கும் தந்த சமன்பாடுகள் இன்றும் போதுமானவை. 1960-களின் கடைசியில் டச்சு ஆய்வாளர் வான் ஆஸ்பெரன் டி போர் ஓவியங்களின் அடிவரைவைப் பார்க்க அகச்சிவப்பு முறையை உருவாக்கியபோதும் இந்தக் கணக்கைத்தான் அடிப்படையாகக் கொண்டார். பூச்சு ஒளியை விழுங்காமல் சிதற மட்டும் செய்கிறது என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு எளிதாகிறது:

R = [(1 − Rg) × SX + Rg] ÷ [(1 − Rg) × SX + 1]

R என்பது நமக்குத் திரும்பி வரும் ஒளியின் பங்கு. Rg அடித்தரையின் ஒளிதிருப்பம். SX பூச்சின் சிதறல் வலிமையைத் தடிமனால் பெருக்கியது. மரத்துக்கு 0.6, கரி மைக்கு 0.05 என்று எடுத்துக்கொள்வோம். 940 நானோமீட்டரில் ஒரு கோட்டு எனாமலுக்கு SX 2 என்று வைத்தால், மரத்தின் மேல் 78 சதவீதமும் மையின் மேல் 67 சதவீதமும் திரும்பும். பதினொரு சதவீத வேறுபாடு, கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். மூன்று கோட்டில் SX 6 ஆகிறது. அப்போது 88-க்கு 86. வேறுபாடு இரண்டரை சதவீதம்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு கோட்டுக்கே SX 6 என்றால் மூன்று கோட்டில் 18, வேறுபாடு அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதனால்தான் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இந்தக் கணக்கின் பயன் ஒன்று உண்டு. கேமரா திரையில் வெறும் கிரீம் நிறப் பரப்பாகத் தெரிந்தால், 'வேலைக்காகவில்லை' என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். இரண்டு சதவீத வேறுபாடு திரையில் தெரியாது. ஆனால் அது படத்துக்குள் இருக்கிறது, இரைச்சலைக் குறைத்து வெளியே இழுக்க வேண்டும்.

கணக்கை நம்பி மட்டும் இறங்கவும் வேண்டாம். சோதனைப் பலகை ஒன்று செய்துகொள்வது இந்த வேலையில் செலவிடும் நேரத்திலேயே மிகப் பயனுள்ளது. பழைய பலாப்பலகைத் துண்டில் விளக்குக்கரி மை, சிரட்டைக்கரி, பென்சில், காவி, பால்பாயின்ட் பேனா ஆகியவற்றால் நீளக்கோடுகள் போட்டு, துருப்பிடித்த ஆணியை ஈரத்தில் வைத்து ஒரு கறையும் உண்டாக்க வேண்டும். அதன் குறுக்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதே வகைக் கிரீம் எனாமலை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோட்டுகளாகப் படிப்படியாக அடிக்க வேண்டும். கோட்டுக்குக் கோட்டு ஒருநாள் காயவிட வேண்டும். இந்தப் பலகையைப் படமெடுத்தால் கையிலுள்ள கேமரா எத்தனை கோட்டு வரை போகும், எந்த மை தெரியும், எது மறையும் என்பது வாதத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். எங்கள் பலகையில் மூன்று கோட்டு வரை கரி மையும் பென்சிலும் மீண்டன, நான்காவதில் தடித்த கோடுகள் மட்டும். காவி ஒரு கோட்டுக்கு அடியிலேயே காணாமல் போனது. நூல் அடிக்க ஆசாரிகள் காவியைப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கோடுகளை இந்த முறையில் தேட வேண்டாம்.

கருவிகள்

சாதாரண டிஜிட்டல் கேமராவின் சென்சார் சிலிக்கான். அது 1100 நானோமீட்டர் வரை உணரும். கேமரா நிறுவனங்கள் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்து அகச்சிவப்பை வெட்டிவிடுகின்றன. அந்தக் கண்ணாடியை நீக்கிய 24 மெகாபிக்சல் பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்று இங்கே பயன்பட்டது. லென்ஸ் 50 மி.மீ., முன்னால் 830 நானோமீட்டர் ஃபில்டர். இன்னும் மலிவான வழி வேண்டுமென்றால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கான 'நோஐஆர்' கேமரா போதும். அதில் தடுப்புக் கண்ணாடியே கிடையாது. ஃபில்டர் கிடைக்காவிட்டால், ஒளிபடாமல் கழுவப்பட்ட ஸ்லைடு ஃபிலிமின் கறுத்த முனைத்துண்டு நன்றாகவே வேலை செய்யும். 1700 நானோமீட்டர் வரை பார்க்கும் இண்டியம்-காலியம்-ஆர்சனைடு கேமரா இதைவிட எவ்வளவோ ஆழம் காட்டும். விலை லட்சங்களில் என்பதால் இப்படியொரு வீட்டு வேலைக்கு அது கட்டுப்படியாகாது.

விளக்குகள் சிசிடிவி கடையில் கிடைக்கும் எல்ஈடி அகச்சிவப்பு விளக்குகள். 850-இல் ஒரு ஜோடி, 940-இல் ஒரு ஜோடி. 850 விளக்கில் மங்கலான சிவப்பு தெரியும், 940-இல் எதுவும் தெரியாது. தெரியாததால் ஆபத்து அதிகம்: கண்பாவை சுருங்காது, எனவே அருகில் நின்று விளக்கை நோக்கக் கூடாது. ஹாலஜன் விளக்கும் அகச்சிவப்பை அள்ளித் தரும். ஆனால் தாழ்ந்த மச்சுக்கு அடியில் 500 வாட் ஹாலஜனை நிறுத்தினால் எனாமல் இளகும். அருகில் தின்னரோ டர்பன்டைனோ இருந்தால் தீப்பிடிக்கும்.

அறையை இருட்டாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் போதும் என்று தோன்றும். சாயமேற்றிய கறுப்புத்துணிகள் பல அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும், வெயில் அப்படியே உள்ளே வரும். கரி கலந்த கறுப்புப் பாலித்தீன் விரிப்புதான் தடுக்கும். எந்தத் துணியானாலும் கேமராவில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

படமெடுத்த முறை

மச்சின் உயரம் 2.7 மீட்டர். முக்காலியில் கேமராவை நேர் மேல்நோக்கி 1.4 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் ஒரு படத்தில் சுமார் 60 × 40 செ.மீ. பரப்பு விழும். ஒரு பிக்சலுக்கு 0.1 மி.மீ. ஆசாரியின் கோடு 2 மி.மீ. அகலத்துக்குக் குறையாது, ஆகவே இது தேவைக்கு மேல். இந்த உபரி பின்னால் கைகொடுக்கும்.

ஃபோகஸ் பிடிப்பதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்யக் கூடாது. அகச்சிவப்புக்கு ஃபோகஸ் தளம் தள்ளிப்போகும். ஃபில்டரைப் போட்டு, அகச்சிவப்பு விளக்கை எரியவிட்டு, மச்சில் ஒட்டிய பென்சில் கட்டக் காகிதத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் பிடிக்க வேண்டும். அப்பர்ச்சர் எஃப்/8, ஐஎஸ்ஓ 200. 850 விளக்கில் 2 நொடி, 940-இல் 8 நொடி. சிலிக்கானின் உணர்திறன் 850-க்கு மேல் சரசரவென்று சரிவதால்தான் இந்த வேறுபாடு. சில லென்ஸ்கள் அகச்சிவப்பில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்றை உண்டாக்கும். வெள்ளைத்தாளை முன்கூட்டியே படமெடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த லென்ஸைப் பயன்படுத்தக் கூடாது.

எனாமலின் பளபளப்புதான் பெரிய எதிரி. இரண்டு சதவீத வேறுபாட்டைத் தேடும்போது தூரிகைத் தடத்தின் மினுக்கம் பத்து சதவீதம் வந்து நிற்கும். கடையில் கிடைக்கும் போலரைஸர் தாள்கள் இந்த அலைநீளத்தில் தம் வேலையைச் செய்வதில்லை. அதனால் கோணத்தாலேயே சமாளிக்க வேண்டும். இடப்பக்கம் 45 பாகையில் விளக்கு வைத்து 16 படம், வலப்பக்கம் வைத்து 16 படம். ஒவ்வொரு பக்கத்தையும் சராசரி எடுத்து, பிறகு இரண்டையும் பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிட்டு எது மங்கலோ அதை எடுத்தால் மினுக்கம் பெரும்பாலும் விழுந்துவிடும். அதே இடத்திலிருந்து, கேமராவை அசைக்காமல், அகச்சிவப்பு ஃபில்டரைக் கழற்றி வெள்ளை எல்ஈடி ஒளியிலும் ஒரு தொகுதி எடுக்க வேண்டும். லென்ஸைத் தொடும்போது முக்காலி அசையும், கவனம் வேண்டும். கடைசியாக, மச்சின் தளத்திலேயே வெண்மையான டெஃப்ளான் தகட்டை வைத்து ஒரு தொகுதி. விளக்கின் ஏற்ற இறக்கத்தை நீக்க அது வேண்டும்.

செயலாக்கம் முழுவதும் இலவச மென்பொருள் இமேஜ்ஜே-யில். 16 படங்களை அடுக்காக்கிச் சராசரி எடுப்பது, டெஃப்ளான் படத்தால் வகுப்பது, 4 × 4 பிக்சல்களை ஒன்றாக்குவது. ஒரு படத்தில் பிக்சலுக்கு ஏறத்தாழ ஒரு சதவீத இரைச்சல் இருந்தால், 16 படச் சராசரியில் கால் சதவீதம், நான்குக்கு நான்கு சேர்த்தபின் அதிலும் நான்கில் ஒன்று. இரண்டு சதவீத எழுத்து இப்போது தாராளமாக மேலே நிற்கும். அப்புறம் அகச்சிவப்புப் படத்தை வெள்ளை ஒளிப் படத்தால் வகுத்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள அழுக்கும் தூரிகைத் தடமும் தணிந்து, அகச்சிவப்பில் மட்டும் உள்ளது மிஞ்சும். இந்த எல்லாக் கணக்கையும் 32 பிட்டில் செய்ய வேண்டும். ஜேபெக்கில் எடுத்தால் 8 பிட்டில் இரண்டு சதவீதம் ஐந்து படிகளுக்குள் அடங்கிவிடும், சுருக்கும் முறையே அதைத் தின்றுவிடும். சென்சார் தந்ததைச் சுருக்காமல் சேமிக்கும் ரா கோப்பில்தான் எடுக்க வேண்டும். 850-க்கு மேல் சென்சாரின் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மூன்றும் ஏறக்குறைய ஒரேபோல் ஒளியை விடுகின்றன. அதனால் நிறம் பிரிக்காமல் எல்லாப் பிக்சலையும் அப்படியே பயன்படுத்தலாம்.

படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் எழுத்தா

இல்லை. கரியைப் போலவே தெரியும் பொருள்கள் சில இருக்கின்றன, இந்த ஊரின் ஈரத்தில் அவை அதிகம். கருப்புப் பூஞ்சையின் மெலனின் 850-இல் நன்றாகவே விழுங்கும். அது புள்ளி புள்ளியாக, விளிம்பு கலைந்து இருக்கும், கோடாக ஓடாது. இரும்பு ஆணி பலாவின் துவர்ப்போடு சேர்ந்து உண்டாக்கும் கருநீலக் கறையும் 850-இல் ஓரளவு தெரியும். 940-இல் மங்கும், 1000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். கரி மை எதிலும் மங்காது. இரண்டு அலைநீளங்களில் எடுப்பதன் முதல் பயன் இதுதான்: 850 படத்தை 940 படத்தால் வகுத்துப் பார்த்தால் கறை தனித்து நிற்கும், கரி சமனாகிக் கலந்துவிடும்.

பென்சில் இன்னும் சிக்கல். கூடத்தின் குறுக்கே பல பலகைகளைத் தாண்டி நேராக ஓடிய ஒரு கோடு தெரிந்தது. ஆசாரியின் கோடு என்றால் வரிசை கலைந்த பலகைகளில் அது துண்டு துண்டாக விழுந்திருக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக நேராக ஓடியதால் மச்சை மறுபடி ஏற்றிய பிறகு போட்டது, அநேகமாக மின்கம்பி இழுக்கப் போட்ட கோடு. இந்த முறை ஆழத்தைச் சொல்வதில்லை. மரத்தின் மேல் உள்ள கரியும், முதல் பூச்சுக்கும் இரண்டாவது பூச்சுக்கும் நடுவே உள்ள கரியும் ஒரே படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். எந்த அடுக்கு என்று அறிய வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு சில்லு எடுத்து விளிம்பைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில பலகைகளில் மையோடு உளிக்கீறலும் இருந்தது. கீறலைப் புட்டி நிரப்பியிருந்தால் அகச்சிவப்பு பயன்படாது. அங்கே சாய்வொளிதான் உதவும்: விளக்கை மச்சை உரசுவதுபோல் ஐந்து பாகையில் வைத்தால், புட்டி சற்றே அமுங்கிய இடம் நிழலாக விழும். இரண்டையும் போட்டியாகப் பார்க்கக் கூடாது. ஒன்று பொருளைக் காட்டுகிறது, மற்றது பள்ளத்தைக் காட்டுகிறது.

சுண்ணாம்பு அடித்த பரப்பு இந்த மச்சில் ஒரு மூலையில் மட்டும் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் அதுதான் அதிகம் என்பதால் அந்த முறையையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு மறைப்பது அதன் துகளால் மட்டுமன்று, துகளுக்கிடையே உள்ள காற்றாலும். காற்றின் இடத்தில் திரவம் புகுந்தால், நனைந்த வேட்டிபோல், உள்ளிருப்பது தெரியத் தொடங்கும். மினரல் டர்பன்டைனைத் தூரிகையால் தடவி ஈரம் இருக்கும்போதே அகச்சிவப்பில் எடுத்தால், வெறுமனே எடுத்ததைவிட ஆழம் வெகுவாகக் கூடும். ஆவியானதும் பரப்பு பழையபடி ஆகிவிடும். ஹாலஜனும் பீடியும் அந்தப் பக்கமே வரக் கூடாது. அடுக்கடுக்காக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறிய சுண்ணாம்பில் இதுவும் கைவிடும்.

வாசித்ததும் வாசிக்க முடியாததும்

கூடத்தின் 31 பலகைகளில் 24-இல் குறி முழுமையாக மீண்டது. 4-இல் திசை எழுத்து மட்டும், எண் இல்லை. 3-இல் உளிக்கீறல் மட்டும் சாய்வொளியில்.

எண்கள் தமிழ் எண்கள். இதில் நிதானம் வேண்டும், ஏனென்றால் ௧-ம் க-வும், ௨-ம் உ-வும், ௭-ம் எ-யும், ௮-ம் அ-வும் மங்கிய படத்தில் ஒன்றாகவே தெரியும். கிழக்கைக் குறிக்கும் 'கி' என்ற எழுத்தின் மேல்விலங்கு ஒரு தூரிகைத் தடத்தில் மறைந்தால் அது ௧ ஆகிவிடும். முதல் வாசிப்பில் இரண்டு பலகைகள் இப்படி எண் ஒன்றாக வந்தன. குறியிடும் இடம் எப்போதும் ஒன்றே: திசை இடப்பக்கம், எண் வலப்பக்கம். அதைக் கொண்டுதான் அவை 'கி' என்று திருத்தப்பட்டன. இருவர் தனித்தனியாக வாசித்து, ஒத்துப்போனதை மட்டும் 'உறுதி' என்று எழுதினோம். மற்றவை வரைபடத்தில் புள்ளிக்கோட்டில். 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த பகுதி என்பதால் மலையாள வழக்கும் கலந்து வரும். கிழக்கு, தெற்கு, வடக்கு மூன்றுக்கும் முதலெழுத்து இரு மொழியிலும் ஒத்துப்போகும். மேற்கு மட்டும் 'மே' என்றோ, படிஞ்ஞாறு என்பதன் 'ப' என்றோ வரலாம். இங்கே 'ப'. 'மே' இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடியிருந்தால் அந்த வரிசை முழுவதையும் தவறவிட்டிருப்போம்.

நடு உத்திரத்தில் ஓர் ஆண்டு எழுதியிருந்தது. ௲, அடுத்து ஒரு மறைப்பு, அடுத்து ௰௪. பழைய முறையில் ௲ ஆயிரம், ௰ பத்து. நடுவில் எதுவுமே இல்லாவிட்டால் கொல்லம் 1014 (கொல்லம் என்பது கேரளத்து ஆண்டுக்கணக்கு). நடுவில் ஓர் எண் இருந்தால் 1024 முதல் 1094 வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது கி.பி. 1838-க்கும் 1919-க்கும் இடையில், எண்பதாண்டு வித்தியாசம். மறைத்தது கொக்கியைச் சுற்றிய அலுமினியப் பெயின்ட். அதை மட்டும், உருப்பெருக்கிக்கு அடியில், அறுவைக்கத்தியின் முதுகால் 2 செ.மீ. அகலத்துக்குக் கிரீம் தெரியும் வரை எடுத்து, கிரீமை விட்டுவிட்டு மறுபடி படமெடுத்தோம். ௭ தெளிவாக வந்தது. ௲௭௰௪, கொல்லம் 1074. 1898 ஆவணியில் தொடங்கிய ஆண்டு. உத்திரம் செய்த ஆண்டு என்று மட்டுமே இதை வைத்துச் சொல்லலாம். வீடு கட்டிய ஆண்டு என்று சொல்ல இது போதாது. பழைய உத்திரத்தைப் புது வீட்டில் ஏற்றுவது இங்கே சாதாரணம்.

அடுக்களைப் பக்கத்து 15-இல் கிடைத்தது இரண்டுதான், அவையும் பலகையின் முனை சுவருக்குள் புதைந்து புகை படாமல் தப்பியவை. சாம்பல் எனாமலை உரித்துக் கிரீமோடு நிறுத்திப் பார்த்தும் பலனில்லை. அடியில் படிந்த புகைக்கரியும் மையும் ஒரே பொருள், அகச்சிவப்புக்கு இரண்டும் ஒன்றுதான். கேமரா எவ்வளவு உயர்ந்ததானாலும் இது மாறாது. எனவே அங்கே வேறு வழிகள்: காடியின் ஆழத்தை ஒவ்வொரு பலகையிலும் மூன்று இடத்தில் அளந்து நாக்கோடு ஜோடி சேர்த்தது, ஒரே தடியிலிருந்து அறுத்த பலகைகளின் மரவரியும் கணுவும் தொடர்வதைப் பார்த்தது, உத்திரத்தில் இருந்த பழைய மரமுளைத் துளைகளோடு பலகைத் துளைகளைப் பொருத்தியது. பத்துப் பலகைகளுக்கு இடம் உறுதியானது. மூன்றுக்கு இரண்டு சாத்தியங்கள் எஞ்சின. அகலம் இறுக்கமாக வந்த வரிசையை எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் அவை ஊகம் என்று குறித்தாயிற்று.

படங்களின் துணையோடு குறியுள்ள இடத்தைச் சுற்றி உள்ளங்கையளவு பெயின்டை விட்டுவிட்டு மற்றதை ஜெல் வகை ரிமூவரால் உரித்தார்கள். மீள்வரிசையில் ஏற்றியபோது கூடத்தில் இடைவெளி எங்கும் 1 மி.மீ.-ஐத் தாண்டவில்லை. அடுக்களைப் பக்கத்தில், ஊகமாக வைத்த அந்த மூன்று பலகைகளை ஒட்டி 3 மி.மீ. இடைவெளி இரண்டு இடத்தில் நின்றது. அங்கே ஆஞ்சிலி ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) செருகி, அதன் மேல்முகத்தில் பென்சிலால் தேதியும் காரணமும் எழுதி மூடியிருக்கிறது.